தனி டம்ளரும் பொது ரேசரும்

காரைக்குடிப் பக்கம் ஒரு வளவு வீட்டில், கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் தொற்று உறுதியானவருக்கு இரண்டாங்கட்டில் தனித் தட்டும் டம்ளரும் ஒதுக்கியிருந்தார்கள். கிணற்றடி மாடத்திலோ வீட்டு ஆண்கள் அனைவரும் முகம் மழிக்கும் ஒரே ரேசர் கிடந்தது. சேர்ந்து உண்பதால் பரவாத இந்த வைரஸ், இரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம் வழியாகப் பரவும். காய்ந்த இரத்தத்தில்கூட குறைந்தது 7 நாள் தொற்றும் திறனோடு இருக்கும்.

பாலியல் அடையாளத்தைப் பற்றிய பேச்சிலும் இப்படித்தான் தவறான இடத்தில் விலக்கு வைக்கிறோம். ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களிடம் இத்தொற்று கூடுதலாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருப்பது உண்மையே. ஆனால் அதற்குக் காரணம் அவர்கள் யார் என்பதன்று. மலக்குடலின் உட்சவ்வு ஒற்றைச் செல் அடுக்காலானது. ஆணுறையில்லா உறவில் அது எளிதில் கீறுபட, வைரஸ் இரத்தத்தில் கலந்து கல்லீரலை அடைகிறது. அதே உறவு ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே நிகழ்ந்தாலும் சவ்வு அதே சவ்வுதான். தேவகோட்டையில் மனைவி மக்களோடு வாழ்ந்துகொண்டே ஓர் ஆணோடும் உறவுள்ளவர் தமக்கு எந்தப் பெயரும் சூட்டிக்கொள்ள மாட்டார், "கல்யாணம் ஆயிருச்சா?" என்று மட்டும் கேட்கும் மருத்துவருக்கு அவரிடமிருந்து பயனுள்ள பதில் கிடைக்காது.

கல்லீரல் செல்லுக்குள் நுழையும் வைரஸ், தன் மரபுப்பொருளை உட்கருவில் ஒரு வளையமாகப் பதுக்கிவைக்கிறது. செல்லைச் சிதைப்பது பெரும்பாலும் வைரஸ் அன்று, தொற்றுள்ள செல்லைத் தாக்கும் நம் எதிர்ப்பாற்றலே. பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேர் ஆறு மாதத்துக்குள் தாமாகவே மீண்டுவிடுவார்கள். அந்தப் பெருமை முழுவதும் கீழாநெல்லிக்குப் போய்விடும்! பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளிலோ சுமார் 90 விழுக்காட்டினருக்கு அது நாட்பட்டதாகிவிடுகிறது. பலருக்கு மஞ்சள் காமாலையே தெரியாததால், பரிசோதிக்காதவரை, தம்மிடம் இருப்பதை அறியாமலே பரப்புகிறார்கள்.

இந்நோய்க்கான தடுப்பூசி பலனளிக்கும் என்பதை மெய்ப்பித்தவர்களும் பழிக்கப்படுகிற அதே மக்கள்தாம். தொற்றுநோயியல் அறிஞர் உல்ஃப் ஷ்முனெஸ் நியூயார்க்கில் நடத்தி 1980-இல் முடிவு வெளியிட்ட சோதனையில் தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கை நீட்டினர். இந்தியா முழுமைக்கும் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இது 2011-இல்தான் சேர்ந்தது. இன்றைய பெரியவர்களோ அதற்கு முன்பே பிறந்தவர்கள். அவர்கள் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, தொற்றும் எதிர்ப்பாற்றலும் இல்லையெனில், முதல் ஊசிக்குப் பின் 1-ஆம் மாதமும் 6-ஆம் மாதமும் எஞ்சிய இரண்டு ஊசிகளைப் போட்டுக்கொள்ளலாம்.