மேட்ச்சிங்: சமமா, பொருத்தமா?

இசைத்தட்டு கேட்கத் தொடங்கிய புதிதில் ஒரு எம்.சி. கார்ட்ரிட்ஜ் கைக்கு வந்தது. தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசியைத் தாங்கி, அதன் நெளிவை மின்சாரமாக்கும் குட்டிப் பாகம்தான் கார்ட்ரிட்ஜ்; எம்.சி. அதில் ஒரு வகை. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தில் ‘மின்னெதிர்ப்பு 40 ஓம்’ என்று இருந்தது, அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை. கார்ட்ரிட்ஜ் தரும் மெல்லிய மின்னழுத்தத்தைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப்பை கார்ட்ரிட்ஜுடன் ‘மேட்ச்’ செய்ய வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். மேட்ச் என்றால் ஒன்றுபோல் இருப்பதுதானே? ப்ரீஆம்ப்பைக் கவிழ்த்து, அதன் அடியில் வரிசையாக இருந்த குட்டி சுவிட்சுகளைக் குண்டூசி முனையால் தள்ளித் தள்ளி, 40 ஓமுக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி வைத்தேன். ஊசியை இறக்கினால், பாட்டு கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. வால்யூமைத் திருகினால் கூடவே இரைச்சலும் ஏறியது. கருவிகளில் ஒரு குறையும் இல்லை. அந்த ஒரு சொல்லை நான் புரிந்துகொண்ட விதத்தில்தான் குறை.

ஆங்கிலத்தின் ‘மேட்ச்’ பழைய ஆங்கிலத்தில் துணை, ஜோடி என்ற பொருள் தந்த ‘கெமெக்கா’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ஜோடி என்றால் நிகரானவர் என்றாகி, நிகரானவர்கள் மோதினால் அதுவும் மேட்ச் என்றாகி, விளையாட்டு மேட்ச் வரை வந்துவிட்டது. (தீப்பெட்டி மேட்சுக்கு இதில் உறவு கிடையாது. அது விளக்குத் திரியைக் குறித்த பிரெஞ்சுச் சொல் வழியாக வந்தது.) தமிழிலும் ஒரு வேடிக்கை உண்டு. ‘பொருதல்’ என்றால் மோதுதல், ‘பொருவுதல்’ என்றால் ஒத்திருத்தல், ‘பொருந்துதல்’ என்றால் இசைந்து அமைதல். ஆனால் இன்றைய பேச்சில் ‘பொருத்தம்’ என்று யாராவது சொன்னால் ‘சமம்’ என்று நாம் எடுத்துக்கொள்வதில்லை. சட்டை பொருத்தமாக இருக்கிறது என்றால் கை அசைக்க இடம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். சட்டையின் அளவும் உடம்பின் அளவும் அட்சரம் பிசகாமல் ஒன்றாக இருந்தால் மூச்சுவிட முடியாது. எம்.சி. கார்ட்ரிட்ஜ் விஷயத்தில் வேண்டியது இந்தப் பொருத்தம்தான். ‘மேட்ச்சிங்’ என்ற சொல்லைவிட ‘பொருத்தம்’ உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

எம்.சி. என்பது மூவிங் காயில். இதற்கு ‘நகரும் சுருள்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. தேவையில்லை. பள்ளி இயற்பியலில் ‘இயங்கு சுருள் கால்வனோமீட்டர்’ என்று படித்தோமே, அந்த ‘இயங்கு சுருள்’ அப்படியே இங்கும் செல்லும். அலைகடல், சுழல்விளக்குபோல அழகான வினைத்தொகை. கால்வனோமீட்டரில் மின்னோட்டம் பாய்ந்தால் காந்தப்புலத்தில் இருக்கும் சுருள் அசையும். கார்ட்ரிட்ஜில் அதே கதை தலைகீழ்: ஊசி பள்ளத்தில் நெளியும்போது சுருள் அசைகிறது, மின்னழுத்தம் பிறக்கிறது. இன்னொரு வகையான எம்.எம்.மில் (மூவிங் மேக்னட்) சுருள் நிலையாக இருக்க, காந்தம் அசையும். ஆகவே அது ‘இயங்கு காந்தம்’. ‘கார்ட்ரிட்ஜ்’ என்பதை மட்டும் அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. அகராதி பார்த்து ‘தோட்டா’ என்று எழுதினால் ஊசியை இறக்கவே பயமாக இருக்கும்.

அசையும் சுருள் கனமாக இருந்தால் ஊசியின் நெளிவுக்கு ஈடுகொடுக்காது. அதனால் மெல்லிய கம்பியைச் சில சுற்றுகளோடு நிறுத்திவிடுகிறார்கள். விளைவு, வெளிவரும் மின்னழுத்தம் அற்பம். எம்.எம். 3 முதல் 5 மில்லிவோல்ட் தந்தால், பெரும்பாலான எம்.சி.க்கள் 0.2 முதல் 0.5 மில்லிவோல்ட்தான் தரும். எம்.எம்.முக்கு 40 டெசிபல், அதாவது நூறு மடங்கு பெருக்கினால் போதும். எம்.சி.க்கு 60 டெசிபல், ஆயிரம் மடங்கு. ‘கெயின்’ என்று பெட்டியில் போட்டிருப்பது இந்தக் கணக்கைத்தான். தமிழில் ‘பெருக்கம்’. ‘இலாபம்’ என்று மொழிபெயர்த்ததை ஒருமுறை பார்த்திருக்கிறேன். கணக்குப்பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வியாகிவிட்டது.

ப்ரீஆம்ப்புக்கு ‘முன்பெருக்கி’ நன்றாகவே அமைகிறது. பெருக்கி என்றதும் துடைப்பம் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியாது, ஆனால் ‘ஒலிபெருக்கி’ எல்லோர் வாயிலும் பழகிய பிறகு அந்தச் சங்கடம் பெரிதில்லை. ‘ஃபோனோ’ கிரேக்கத்தின் ‘ஃபோனே’, அதாவது குரல், ஒலி. 1877-இல் எடிசன் செய்த ஃபோனோகிராஃப் உருளையில் ஒலியைப் பதிந்தது. தட்டில் பதிந்தது பெர்லினரின் கிராமஃபோன், 1887. தட்டுக்கான கருவிக்கு உருளையின் பெயர் ஒட்டிக்கொண்டது ஆங்கிலத்தில்தான். நாம் ‘இசைத்தட்டு முன்பெருக்கி’ என்றால் இன்னும் துல்லியம். அது வெறுமனே பெருக்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தட்டில் பதியும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உச்ச ஒலிகளைக் கூட்டியும் பதிகிறார்கள். 1954-இல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. (அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம்) வரையறைப்படி முன்பெருக்கி அதைத் திருப்பிப்போடுகிறது: 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் ஏற்றம், 20,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ அதே அளவு இறக்கம். ‘சமம்’ என்ற சொல்லுக்கு இந்தப் பெட்டிக்குள் இடம் உண்டென்றால் இங்கேதான். இதன் பெயரே சமனாக்கம்.

சரி, என் 40 ஓமுக்கு வருவோம்.

முன்பெருக்கியில் அந்தச் சுவிட்சுகளுக்குப் பக்கத்தில் ‘லோடு’ என்று போட்டிருக்கும். லோடு என்றால் லாரி ஞாபகம் வருவது இயல்பு. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பாதை, பயணம் என்றுதான் பொருள். பிறகுதான் வண்டியில் ஏற்றும் சரக்கின் மேல் ஏறியது. தமிழ்ப் பாடநூல்கள் ‘பளு’ என்கின்றன, லோடு ரெசிஸ்டன்ஸ் என்பது ‘பளு மின்தடை’. ‘சுமை’யும் தவறில்லை, எனக்குப் பளுதான் பிடிக்கும். குழப்பம் சொல்லில் இல்லை, எண்ணில் இருக்கிறது. பளு மின்தடையின் எண் சிறிதாகச் சிறிதாக, கார்ட்ரிட்ஜின் மேல் பளு கூடுகிறது. 1000 ஓம் என்பது லேசான பளு, 30 ஓம் என்பது முதுகை வளைக்கும் பளு. ஓம் குறைந்தால் சுருளிலிருந்து இழுக்கப்படும் மின்னோட்டம் கூடும், அவ்வளவுதான். ஆனால் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு சுவிட்சைத் திருப்பாதவர் குறைவு.

சுருளுக்குள் 40 ஓம், வெளியே பளு 40 ஓம் என்று வைத்தால், பிறக்கும் மின்னழுத்தத்தில் பாதி சுருளுக்குள்ளேயே விழுந்துவிடும். மீதிப் பாதிதான் முன்பெருக்கிக்கு. 6 டெசிபல் போச்சு. 0.3 மில்லிவோல்ட்டே பிச்சை, அதிலும் பாதி. அதை ஈடுகட்ட வால்யூமை ஏற்றினால் இரைச்சல் ஏறாமல் என்ன செய்யும்? பளுவை 100 ஓம் ஆக்கினால் இழப்பு சுமார் 3 டெசிபல். 400 ஆக்கினால் ஒரு டெசிபலுக்கும் குறைவு. சுருளின் எண்ணைப்போல் பத்து மடங்கு பளு என்ற நடைமுறை விதி இதிலிருந்து வந்ததுதான். இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்ற விதி அதிகபட்ச மின்திறனைக் கடத்துவதற்கு உரியது. இங்கே நாம் கடத்துவது மின்னழுத்தம். வேறு வேலைக்கான விதியை இங்கே கொண்டுவந்து மாட்டியதுதான் நான் செய்தது.

அதற்காக 47 கிலோஓமிலேயே விட்டுவிடலாமா? எம்.எம்.முக்கு அதுதான் வழக்கமான எண். எம்.எம்.மின் பெரிய சுருளும் ஒயரின் மின்தேக்குத்திறனும் சேர்ந்து கேட்கும் எல்லைக்குள்ளேயே, 13,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்கூட, ஒத்திசைவு உண்டாக்கும், அதாவது அந்த ஒரு அதிர்வெண் மட்டும் எகிறும். அதனால் அங்கே பிக்கோஃபாரட் (மின்தேக்குத்திறனின் அலகு) கணக்கு முக்கியம். எம்.சி.யின் சுருள் சின்னது, அதன் ஒத்திசைவு பத்து லட்சம் ஹெர்ட்ஸையும் தாண்டிப் போய்விடும். காதுக்கு எட்டாது, ஆனால் சில முன்பெருக்கிகளுக்கு எட்டும். அப்போது உச்ச ஒலிகள் கூசும், தட்டின் கீறல்கள் சொடுக்கும். ஓரளவு பளு வைத்தால் அது அடங்குகிறது. அளவுக்கு மீறி வைத்தால் பாட்டு கம்பளி போர்த்திக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது அந்தப் பொருத்தம்.

காதை நம்பித் தேடும்போது ஒரு ஏமாற்று உண்டு. ஓமைக் கூட்டினால் சத்தமும் கொஞ்சம் கூடும், சத்தம் கூடினாலே காதுக்கு ‘நன்றாக இருக்கிறது’ என்று தோன்றும். அதனால் ஒவ்வொரு முறையும் வால்யூமைச் சமப்படுத்திவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். சுவிட்ச் இல்லாத முன்பெருக்கி என்றால் மின்தடை பொதிந்த ஒரு பிளக்கைப் பக்க இணைப்பில் செருகலாம். உள்ளே 47 கிலோஓம் இருக்க 100 ஓம் செருகினால் கிட்டத்தட்ட 100 ஓமே கிடைக்கும். உள்ளே ஏற்கெனவே 100 இருந்தால் 50 ஆகிவிடும், கவனம்.

முன்பெருக்கிக்கு முன்னாலேயே மின்னழுத்தத்தை உயர்த்தும் ஏற்று மின்மாற்றி வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. 1-க்கு 10 மின்மாற்றி 0.3 மில்லிவோல்ட்டை 3 ஆக்கும், ஆனால் பளுவின் எண் அந்த மடங்கின் வர்க்கத்தால் வகுபடும். 47,000-ஐ 100-ஆல் வகுத்தால், கார்ட்ரிட்ஜ் பார்ப்பது 470 ஓம். 1-க்கு 20 என்றால் வெறும் 117 சொச்சம். ‘எத்தனை மடங்கு பெருக்கும்’ என்று மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள்.

‘மின்னெதிர்ப்பு’ என்று நாம் சொல்லும் இம்பீடன்ஸ், 1886-இல் ஆங்கிலேய மின்னியல் அறிஞர் ஹெவிசைடு உண்டாக்கிய சொல். அதன் லத்தீன் வேர் காலைக் கட்டிப்போடுவதைச் சொல்லும். தமிழில் ‘தளை’ என்று பெயர் வைத்திருக்கலாம், வெண்பா எழுதுகிறவர்கள் சண்டைக்கு வந்திருப்பார்கள்.

என் சுவிட்சுகள் இப்போது 400 ஓமை ஒட்டி இருக்கின்றன. அந்தக் காகிதத்தை அப்புறம் ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். ‘மின்னெதிர்ப்பு 40 ஓம்’ என்ற வரிக்கு நேர் கீழே இன்னொரு வரி இருந்தது: ‘பளு, 100 ஓமும் அதற்கு மேலும்.’