சின்ன ஊர் பப்பில் பாட்டுக்கச்சேரி: ஸ்காட்லாந்து மது உரிமச் சட்டம் என்ன சொல்கிறது?

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையில் உல்லாபூல் என்றொரு துறைமுக ஊர். லூயிஸ் தீவில் உள்ள ஸ்டோர்னோவே ஊருக்குக் கப்பல் இங்கிருந்துதான் கிளம்பும். மொத்தமே சுமார் 1,500 பேர். இந்த மாதிரி ஊர்களில் சாயங்காலம் கடைகள் அடைத்தபின் நாலு பேர் கூடிப் பேசவும் பாட்டுக் கேட்கவும் இருக்கும் இடம் பெரும்பாலும் பப்தான். அது எத்தனை மணி வரை திறந்திருக்கலாம், உள்ளே ஃபிடில் (வயலின்) வாசிக்கலாமா, பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா என்பதையெல்லாம் 2005ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து மது உரிமச் சட்டம் தீர்மானிக்கிறது. 2009 செப்டம்பர் 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. இங்கிலாந்துக்கு வேறு சட்டம்.

உரிமம் கொடுப்பது போலீஸோ நீதிமன்றமோ அல்ல, அந்தந்த வட்டார லைசென்சிங் போர்டு. அதன் உறுப்பினர்கள் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள். ஐந்து நோக்கங்களை வைத்துத்தான் அவர்கள் முடிவெடுக்க வேண்டும்: குற்றத்தைத் தடுப்பது, பொதுப் பாதுகாப்பு, அக்கம்பக்கத்துக்குத் தொல்லை இல்லாமை, பொதுச் சுகாதாரம், குழந்தைகளையும் இளையோரையும் காப்பது. பொதுச் சுகாதாரம் இங்கிலாந்துச் சட்டத்தின் நோக்கங்களில் கிடையாது. ஸ்காட்லாந்து அதைச் சேர்த்தது மிகச் சரியான முடிவு என்பது என் கருத்து.

எல்லாவற்றுக்கும் அடிப்படை, விண்ணப்பத்தோடு கொடுக்கும் செயல்பாட்டுத் திட்டம். எந்தெந்த நாள் எத்தனை மணிக்குத் திறந்து மூடுவோம், மதுவைத் தவிர வேறென்ன நடக்கும் என்று அதில் எழுத வேண்டும். சாப்பாடு, கல்யாண விருந்து, நேரடி இசை, நடனம், திரைப்படம், விளையாட்டு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். நேரடி இசை இல்லை என்று எழுதிவிட்டு வெள்ளிக்கிழமைதோறும் கச்சேரி வைத்தால் அது உரிமத்தை மீறுவதாகும். பின்னால் மாற்றிக்கொள்ள வழி உண்டு, ஆனால் அதற்கும் போர்டிடம்தான் போக வேண்டும். உரிமத்தின் சுருக்கத்தை எல்லாருக்கும் தெரியும்படி பப்புக்குள் மாட்டி வைப்பது கட்டாயம். அடுத்த முறை போகும்போது சுவரில் தேடிப் பாருங்கள்.

மூடும் நேரம் எல்லா ஊருக்கும் ஒன்றல்ல, போர்டுக்குப் போர்டு மாறும். 24 மணி நேர உரிமம் விதிவிலக்கான சூழலில் மட்டும்தான் கிடைக்கும். விற்பனை நேரம் முடிந்தபின், கையில் இருக்கும் கிளாஸைக் காலி செய்ய 15 நிமிடம் தருவார்கள். சாப்பாட்டோடு வாங்கிய பானம் என்றால் 30 நிமிடம். ஊர்த் திருவிழா, புத்தாண்டு இரவு போன்ற நாட்களுக்கு நேரத்தை நீட்டிக்கத் தனியாகக் கேட்கலாம்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பிள்ளைகளை அனுமதிக்கிறார்களா, எந்தப் பகுதி வரை என்ற அறிவிப்பை வைக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை அனுமதிக்கும் பப்பில் டயப்பர் மாற்றும் வசதி இருக்க வேண்டும், அதை அப்பாவும் பயன்படுத்தும்படி அமைத்திருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும், கேட்கத் தயங்காதீர்கள். 18 வயதுக்குக் கீழே மது வாங்க முடியாது. 16, 17 வயதுப் பிள்ளைகள் அங்கேயே சாப்பாட்டோடு பீர், ஒயின், சைடர் (ஆப்பிள் மது) குடிக்கலாம், ஆனால் வாங்கித் தருவது பெரியவராக இருக்க வேண்டும். 25 வயதுக்குக் கீழே தெரிந்தால் அடையாள அட்டை கேட்பார்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், அது 2011 முதல் கட்டாயம்.

பப்பே இல்லாமல் ஊர் மன்றத்தில் கேய்லி நடத்தலாம். கேய்லி என்றால் ஃபிடிலும் அக்கார்டியனும் வாசிக்க, ஊரே கைகோத்து ஆடும் இரவு. அங்கே மது விற்கத் தற்காலிக உரிமம் போதும், ஒருமுறை வாங்கினால் அதிகபட்சம் 14 நாள். தன்னார்வ அமைப்புகளும் நேரடியாகக் கேட்கலாம், ஆனால் 12 மாதத்தில் மொத்தம் 56 நாளைத் தாண்டக் கூடாது.

இனி, பலருக்கும் தெரியாத உரிமை. புதிய பப்புக்கு விண்ணப்பம் வந்தால் அந்த இடத்தில் 21 நாள் அறிவிப்பு ஒட்டியிருக்கும். ஒட்டியபடி இருக்கும் அண்டை இடத்தாருக்கும், ஊர் மக்களின் கருத்தை எடுத்துச் சொல்லும் கம்யூனிட்டி கவுன்சிலுக்கும் தகவல் போகும். ஆனால் கருத்துச் சொல்ல அவர்களில் ஒருவராக இருக்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் எழுதலாம். சும்மா 'எனக்குப் பிடிக்கவில்லை' என்றால் எடுபடாது. இரவு ஒரு மணிக்குப் பின்கதவு வழியாக வரும் சத்தம் பக்கத்து வீட்டுப் படுக்கையறையில் கேட்கும் என்பது மாதிரி, ஐந்து நோக்கங்களில் ஒன்றோடு சேர்த்து எழுத வேண்டும். திறந்து நடக்கும் பப்பாலும் தொல்லை என்றால் உரிமத்தை மறுபரிசீலனை செய்யக் கேட்கலாம். அதற்கு முன் உரிம விதிகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்கும் கவுன்சில் அதிகாரியிடம் (லைசென்சிங் ஸ்டாண்டர்ட்ஸ் ஆபீசர்) பேசினால் பல நேரம் அங்கேயே தீர்ந்துவிடும்.

எதிர்த்துத்தான் எழுத வேண்டும் என்றில்லை. உங்கள் ஊர் பப் கச்சேரிக்கு அனுமதி கேட்டிருக்கிறது, உங்களுக்கும் அது வேண்டும் என்றால், ஆதரித்தும் கடிதம் அனுப்பலாம். அறிவிப்பில் போட்டிருக்கும் கடைசித் தேதிக்குள் போய்ச் சேர்ந்தால் சரி.