பச்சை உடம்புக்காரியின் சுறுசுறுப்பு

விசுவமடுப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை பிறந்து ஐந்தாம் நாள். விடிய மூன்று மணிக்குத் தாய் எழும்பி முற்றம் கூட்டுகிறாள். நேற்றும் நித்திரை இல்லை, முந்தாநாளும் இல்லை, ஆனால் களைப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு கதை முடிய முன்னம் அடுத்த கதை. தையல் கடை போடப் போகிறாளாம், வளவு முழுக்கப் பப்பாசி வைக்கப் போகிறாளாம். அம்மம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை: "பச்சை உடம்புக்காரி, என்ன சுறுசுறுப்பு பாருங்கோ!"

எனக்கு அந்தச் சுறுசுறுப்பைக் கேட்டால் நெஞ்சு பதறும்.

பிள்ளைப்பேற்றோடு வரும் மனநோய் என்றதும் அழுகையும் சோர்வும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதைக் கண்டுபிடிக்க நல்லதொரு கேள்வித்தாள் இருக்கிறது. 1987இல் எடின்பரோவில் உருவானது, நம் இலங்கையில் மிட்வைஃப் என்று சொல்லும் குடும்பநல உத்தியோகத்தர்களும் பயன்படுத்துவது. பத்துக் கேள்விகள், கடந்த ஏழு நாள் எப்படி இருந்தது என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 30. பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்தும் எண்ணம் பற்றியது. அதற்கு 'இல்லை' தவிர எந்தப் பதில் வந்தாலும், மொத்தப் புள்ளி எவ்வளவு குறைவாக இருந்தாலும் உடனே கவனிக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பத்தில் ஒன்றுகூட மனநிலை மேலே ஏறுவதைப் பற்றிக் கேட்பதில்லை. பைபோலர் என்கிற இருமுனை மனநிலைக் கோளாறு ஒரு ஊஞ்சல் மாதிரி. மேலே ஏறும்போது அந்த விசுவமடுத் தாயைப் போல நித்திரையே இல்லாமல் சுறுசுறுப்பு. கீழே இறங்கும்போது பார்த்தால் சாதாரண மனச்சோர்வு போலவே இருக்கும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பிள்ளை பெற்ற 10,000 பெண்களிடம் இதே கேள்வித்தாளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2013இல் வெளிவந்த முடிவின்படி, புள்ளி கூடியவர்களை மருத்துவர்கள் விரிவாக விசாரித்தபோது, ஐந்தில் ஒருவருக்கும் மேல் இருந்தது பைபோலர்.

இந்த வித்தியாசம் பெயரோடு நிற்பதில்லை. பைபோலர் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால், ஊஞ்சல் மறுபக்கம் எகிறக்கூடும். அதனால்தான் அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கல்லூரி 2023இல், மாத்திரை தொடங்க முன் பைபோலர் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது. அதற்கென்று 13 ஆம்-இல்லைக் கேள்விகள் கொண்ட இன்னொரு தாள் இருக்கிறது. வழக்கத்தைவிடக் குறைவாக நித்திரை கொண்டும் தெம்பாக இருந்தீர்களா? எண்ணங்கள் ஓடிக்கொண்டே இருந்தனவா? காசைக் கண்டபடி செலவழித்தீர்களா? ஏழு அல்லது அதற்கு மேல் 'ஆம்' வந்து, அவை ஒரே காலத்தில் நடந்து, வாழ்க்கையையும் குழப்பியிருந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். தாள் நோயைத் தீர்மானிப்பதில்லை, யாரை விசாரிக்க வேண்டும் என்று மட்டும் காட்டும்.

சரி, ஏன் பிள்ளை பிறந்த கையோடு? நச்சுக்கொடி வெளியேறியதும் ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன் சில நாட்களிலேயே சரிகிறது. அதோடு இரவு நித்திரையும் போகிறது. பைபோலர் உள்ள சிலருக்கு நித்திரை இழப்பு நோயின் அறிகுறி மட்டுமல்ல, நோயைக் கிளப்பிவிடும் காரணமும் அதுவே. பிரசவத்துக்குப் பின்னான கடும் மனப்பிறழ்வு ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்று இரண்டுதான் வரும், ஆனால் பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள் வரும். பைபோலரின் கடுமையான வகை உள்ள தாய்மாரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வரலாம். இல்லாத குரல் கேட்பதும், பிள்ளையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று நம்புவதும் அதில் நடக்கும். நூல் கட்டுவதும் வற்றாப்பளை அம்மனுக்கு நேர்வதும் குடும்பத்தின் ஆறுதல், அதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும்.

ஒரு மாதம் கழித்துக் கொடுக்கும் எடின்பரோக் கேள்வித்தாள் இதற்குப் பிந்திவிடும். நல்ல காலம், மிட்வைஃப் முதல் பத்து நாளுக்குள்ளேயே வீட்டுக்கு வருகிறார். "பிள்ளை நித்திரையா இருக்கேக்க உங்களுக்கு நித்திரை வருதா தங்கச்சி?" என்ற ஒரு கேள்வி போதும். வராவிட்டால் அடுத்தது: "அப்ப அடுத்த நாள் களைப்பா இருக்கா?" நித்திரையும் இல்லை, களைப்பும் இல்லை என்றால் அது சாதாரணத் தாயின் தூக்கமின்மை அல்ல.

அதற்கும் முன்னால், கர்ப்பம் பதியும் முதல் கிளினிக்கிலேயே கேட்க வேண்டியது குடும்ப வரலாறு: உங்கள் அம்மாவுக்கோ சகோதரிக்கோ பிள்ளை பிறந்த நேரம் மனம் குழம்பியதா? வன்னியில் இந்தக் கேள்வி இடறுகிறது. 2009இல் யுத்தத்தில் தாயை இழந்த பிள்ளைகள் இன்று தாய்மார். அம்மாவுக்கு என்ன நடந்தது என்று சொல்ல ஆளில்லை. ஒரு பெரியம்மா, பழைய அயலவர் யாராவது இருந்தால் அவர்களிடமும் கேட்க வேண்டும். இன்னொன்று, இங்கே யார் மனம் கலங்கினாலும் யுத்தத்தைக் காரணமாகச் சொல்லிவிடுகிறோம். அது பலருக்கு உண்மை. அந்த உண்மையே ஊஞ்சலின் மறுபக்கத்தை மறைத்தும் விடுகிறது.

ஏற்கெனவே பைபோலருக்கு மருந்து எடுப்பவர் கர்ப்பம் என்று அறிந்ததும் பயந்து தானாக நிறுத்துவது இன்னொரு ஆபத்து. 2007இல் வந்த ஒரு ஆய்வில், நிறுத்தியவர்களில் 85 சதவீதத்தினருக்கு கர்ப்பத்திலேயே நோய் திரும்பியது, தொடர்ந்தவர்களில் 37 சதவீதம். வல்புரோவேற் என்ற மருந்து ஒரு விதிவிலக்கு. அது வயிற்றுப் பிள்ளையின் முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிப்பதால், கருத்தரிக்க முன்னரே மருத்துவரோடு பேசி மாற்ற வேண்டும். லித்தியம் என்ற இன்னொரு பைபோலர் மருந்தை எடுப்பவருக்குக் கர்ப்பத்தில் சிறுநீரகம் வேகமாக வடிகட்டுவதால் இரத்தத்தில் அதன் அளவு குறையும், அடிக்கடி சோதிப்பார்கள்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. தொலைபேசியில் 1926ஐ அழைத்தாலும் ஆலோசனை கிடைக்கும். ஆபத்து உள்ளவர் என்று முன்கூட்டியே தெரிந்தால் மருந்தோடு சேர்த்து ஒரு இரவுத் திட்டமும் போடுவார்கள். இரவு பத்துக்குப் பாலைக் கறந்து வைத்துவிட்டுத் தாய் வேறு அறையில் படுப்பாள். இரண்டு மணிக்குப் பிள்ளை அழுதால் எழும்புவது அம்மம்மா.