புகைபோக்கியிலிருந்து மூக்கு வரை

நுளம்புத்திரியைக் கொளுத்திவிட்டுச் சற்றுக் கவனித்தால், புகை முதலில் நூல் போல நேராக எழுந்து, பின் சுருண்டு கலைவது தெரியும். மின்விசிறியைச் சுழலவிட்டதும் அது மெலிந்து வேறு மூலைக்குப் போய்விடும். திரி விடும் புகையின் அளவு மாறவில்லை. நம்மை எட்டும் அளவுதான் மாறியது. ஆகவே, ஓர் ஆலை தன் உமிழ்வைப் பாதியாகக் குறைத்தால் வடகொழும்பின் மட்டக்குளியில் இருப்பவருக்கு எவ்வளவு நன்மை என்பதைப் புகைபோக்கியில் எடுக்கும் அளவீடு மட்டும் சொல்லிவிடாது. இடையில் உள்ள காற்றையும் கணக்கிட வேண்டும்.

இதற்குப் பரவலாகக் கையாளப்படும் கௌசியன் மாதிரி என்னும் கணித முறை, புகை காற்றோடு நகரும்போதே பக்கவாட்டிலும் மேலும் கீழும் மணிவடிவில் பரவுவதாகக் கொள்கிறது. வினாடிக்கு எத்தனை கிராம் வெளியேறுகிறது, புகைபோக்கி எவ்வளவு உயரம், புகை எவ்வளவு சூடு, காற்றின் வேகமும் திசையும் என்ன, வளிமண்டலம் எவ்வளவு கொந்தளிக்கிறது என்பனவே அதற்கு வேண்டிய தரவுகள். வெயில் காயும் நண்பகலில் காற்று மேலும் கீழும் புரண்டு புகையை விரைவில் கலக்கிவிடும். தெளிந்த, காற்று அடங்கிய இரவில், தாழ்வாக வெளியேறிய புகை கலையாமல் நிலத்தை ஒட்டியே கிடக்கும். இந்த வேறுபாட்டைப் பிரித்தானிய வானிலையியலாளர் பாஸ்குவில் 1961இல் ஆறு வகுப்புகளாகப் பிரித்தார்.

உயரத்தின் பங்கு பலர் நினைப்பதைவிடப் பெரிது. மற்றவை சமமாயின், தரைமட்டத்தில் ஏற்படும் உச்சச் செறிவு, புகை எழுந்து நிற்கும் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏறத்தாழ எதிர்விகிதமாக அமைகிறது. 100 மீற்றரில் நிற்கும் புகையைவிட 25 மீற்றரில் நிற்கும் புகை, கிராமுக்குக் கிராம், ஏறக்குறைய 16 மடங்கு உறைக்கும். எனவே பத்தில் ஒரு பங்கே உமிழும் சிறிய கொதிகலன்கூட அயலவருக்குப் பெரிய ஆலையைவிடக் கூடுதலான தீங்கு செய்யக்கூடும். ஆனால் புகைபோக்கியை உயர்த்துவதை உமிழ்வுக் குறைப்பாக என்னால் ஏற்க முடியாது: வெளியேறும் கிராம் குறையவில்லை, தொலைவிலுள்ளவர்களும் அதில் பங்காளிகளாகிறார்கள்.

கொழும்பில் பருவமும் கணக்கில் சேர்கிறது. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை உள்ள சப்புகஸ்கந்தைப் பக்கத்துப் புகை உள்நாட்டை நோக்கிப் போகும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக்காற்று அதை நகரத்தின் பக்கம் திருப்பும். அதே வாடை இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தும் மாசைக் கொண்டுவருகிறது. ஓரிடத்தின் செறிவு 60 அலகு, அதில் ஆலையின் பங்கு 12 என்று வைத்துக்கொள்வோம். உமிழ்வைப் பாதியாக்கினாலும் அங்கே 54 அலகு மிஞ்சும். அதனால் ஆண்டுச் சராசரி ஒன்றோடு கணக்கை நிறுத்திவிடாமல், மணிக்கு மணி எடுத்த காற்றுத் தரவைக் கொண்டு வாடைக்கால இரவுகளைத் தனியே கணித்து, வந்த விடையை அங்குள்ள அளவீட்டோடு ஒப்பிட்ட பிறகே எந்த நடவடிக்கை பயன் தரும் என்று முடிவெடுக்க வேண்டும்.