நெட் போனதா, கரண்ட் குறைந்ததா?

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தென்னந்தோப்பு. மோட்டார் கொட்டகையில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகை ஒன்று, மண் ஈரத்தை அளந்து வீட்டுக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். திடீரென்று தகவல் நின்றுவிடுகிறது. உடனே எல்லோரும் திட்டுவது நெட்டைத்தான். ஆனால் சொட்டுநீர்க் குழாயில் தண்ணீர் வராவிட்டால் நாம் முதலில் பார்ப்பது மோட்டாரைத்தானே? இங்கேயும் அப்படித்தான், அடியிலிருந்து மேலே வர வேண்டும்.

அடி என்பது மின்சாரம். ராஸ்பெர்ரி பையின் பை 3 மாடலுக்கு 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். மின்னழுத்தம் ஏறக்குறைய 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பலகை அதைக் குறைமின்னழுத்தம் என்று பதிவு செய்யும். அடாப்டர் நல்லதாகவே இருக்கட்டும். நடுவில் இருக்கும் யூஎஸ்பி வயர் மெல்லியதாக இருந்தால்? போக, வர சேர்த்து அதன் மின்தடை கால் ஓம் என்றால், 2 ஆம்பியர் ஓடும்போது வயரே அரை வோல்ட்டைத் தின்றுவிடும். பலகைக்குக் கிடைப்பது 4.6 வோல்ட்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, கோளாறு எப்போது தலைகாட்டுகிறது என்பது. மொபைல் நெட்டுக்காக யூஎஸ்பியில் செருகிய டாங்கிள் சும்மா இருக்கும்போது குறைவாகத்தான் மின்சாரம் இழுக்கும். சிக்னல் பலவீனமான இடத்தில் டவரை எட்டுவதற்காக முழு பலத்தோடு அனுப்பும்போதுதான் இழுவை ஏறும். அந்த நொடியில் மின்னழுத்தம் சரிந்து டாங்கிள் தானே அணைந்து மறுபடி எழும். தகவல் அனுப்பும்போதெல்லாம் நெட் போகிறதே என்று நமக்குத் தோன்றுவது இதனால்தான். கர்னல் பதிவை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி எழுதிவைக்கும் குறிப்புகளை, திறந்து பாருங்கள்: ‘அண்டர்வோல்டேஜ்’ (குறைமின்னழுத்தம்) என்ற சொல்லும், பக்கத்திலேயே யூஎஸ்பி இணைப்பு அறுந்த வரியும் இருந்தால் ரௌட்டரைத் தொடவே வேண்டாம். தடிமனான, குட்டையான வயர் ஒன்று வாங்கினால் போதும். நெட் பிரச்சினை என்று வரும் புகார்களில் இதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

மின்சாரம் சரி என்றால் அடுத்தது வழி. ஈதர்நெட் செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. தோப்பின் கோடியில் இருக்கும் கொட்டகை அதைத் தாண்டிவிடலாம். வைஃபை என்றால் பலகையை இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள். ஆன்டெனா பலகையிலேயே இருப்பதால் சிக்னல் உள்ளேயே அடங்கிப்போகும். வைஃபை அமைப்பில் நாட்டுக் குறியீடு இந்தியா என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் முகவரி. நெட்டில் பலகைக்கு உள்ள முகவரியான ஐபி எண் 169.254 என்று தொடங்கினால், அது முகவரி கேட்டும் ரௌட்டர் பதில் சொல்லவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். பையின் இயங்குதளத்தில், 2023-ல் வந்த புக்வார்ம் பதிப்பிலிருந்து நெட்வொர்க்மேனேஜர் என்ற மென்பொருள்தான் இதையெல்லாம் கவனிக்கிறது. அதில் ரௌட்டர் பதில் சொல்லாவிட்டால் பலகை பெரும்பாலும் முகவரியே இல்லாமல் நிற்கும்.

முகவரி இருந்தால் பிங் செய்யுங்கள், அதாவது சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பாருங்கள். முதலில் ரௌட்டரை, பிறகு கூகுளின் பொது சர்வரான 8.8.8.8-ஐ, கடைசியாக ஓர் இணையதளத்தின் பெயரை. முதலாவது விழுந்தால் கோளாறு தோப்புக்குள். இரண்டாவது விழுந்தால் பெரும்பாலும் வெளியே, இணைப்பு தருபவரிடம். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு மட்டும் வரவில்லையா, அது டிஎன்எஸ் கோளாறு, அதாவது பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவையின் கோளாறு.

மூன்றும் சரியாக இருந்தும் தகவல் போகவில்லை என்றால் தேதியைப் பாருங்கள். பை 4 வரை இந்தப் பலகைகளில் சொந்தக் கடிகாரம் கிடையாது, நேரத்தை இணையத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். கரண்ட் போய் வந்த பிறகு நேரம் கிடைக்காவிட்டால் பழைய தேதியிலேயே ஓடும். அப்போது சர்வர் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழின் தேதி இதன் தேதியோடு பொருந்தாமல் போகலாம். பொருந்தாவிட்டால் பலகை இணைப்பை மறுத்துவிடும். 2023-ல் வந்த பை 5-ல் கடிகாரம் உண்டு, அதற்கான சிறு பேட்டரியை மட்டும் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். பழைய பலகைகளுக்கு டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லு வைத்த சிறு பலகை கிடைக்கிறது, அதைப் பொருத்திக்கொள்ளலாம்.