நோயுற்ற கிளியைப் பறக்க விடுவதற்கு முன்

வெள்ளவத்தையிலுள்ள ஓர் அம்மா, மஞ்சள் நிற ரிங்நெக் கிளியொன்றைத் துணி போர்த்திய கூட்டுடன் எனது சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுவந்தார். வாங்கி ஐந்து மாதங்களாகியும் உதிர்ந்த இறகுகள் ஒழுங்காக முளைக்கவில்லை என்றார். புதிதாக முளைத்த இறகொன்றை விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்தேன். அடித்தண்டு நூலால் இறுக்கிக் கட்டியதுபோல் ஒடுங்கி, உள்ளே இரத்தம் கறுத்து உறைந்திருந்தது. அலகு மற்றும் இறகு நோய் என்று சந்தேகித்தேன். இரத்தத்திலும் இறகிலும் செய்த பிசிஆர் பரிசோதனை அதை உறுதிப்படுத்தியது.

இந்நோய்க்கு மருந்தில்லை என்று சொன்னதும் சிறிது நேரம் பேசாமலிருந்த அவர், "டொக்டர் தம்பி, எங்கட மாமரத்துக்குப் பின்னேரத்தில கிளியள் வாறது. அதுகளோட விட்டால் கடைசி நாளையாவது சந்தோசமா இருக்கும்தானே?" என்று கேட்டார். இரக்கத்தில் பிறந்த இதே கேள்வியைப் பலரும் என்னிடம் கேட்டிருப்பதாலேயே இதை எழுதுகிறேன்.

இந்நோயை உண்டாக்கும் சேர்க்கோ வைரஸ் மிகச் சிறியது. கிருமிநாசினிகள் எளிதில் கரைத்துவிடும் கொழுப்புறை அதற்கு இல்லை. ஆகவே, வீட்டில் பாவிக்கும் கிருமிநாசினிகள் பலவற்றுக்கும் அது மசிவதில்லை. எச்சத்திலும், இறகுத் துகளிலும், தாய்ப்பறவை குஞ்சுக்குக் கக்கி ஊட்டும் இரையிலும் அது பரவுகிறது. மரப்பொந்துகளில் நெடுங்காலம் உயிர்ப்புடன் தங்குகிறது. கிளிகளோ பொந்துகளில்தான் முட்டையிடுகின்றன. ஒரு பருவத்தில் நோயுற்ற சோடி இருந்த பொந்து, அடுத்த பருவத்தில் வேறொரு சோடியின் குஞ்சுகளுக்கு ஆபத்தாகிவிடும். குஞ்சுகளையே இந்நோய் கடுமையாகத் தாக்குகிறது. அது நோய் எதிர்ப்பாற்றலையும் குலைப்பதால், தப்பிய பறவையும் வேறு தொற்றுக்குப் பலியாகலாம்.

மொரீசியசில் நடந்தது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். அத்தீவுக்கே உரிய எக்கோ கிளி 1980களில் இருபதளவுக்கு அருகிப்போய், பல ஆண்டுகள் பொந்து பொந்தாகக் காத்ததால் மீண்டுவந்தது. 2005 இல் அதே பறவைகளிடையே இந்நோய் பரவியது. கூடுகளிலிருந்து தப்பி அங்கு பெருகிய செந்தார்ப் பைங்கிளிகளிலும் (நம் ஊரில் வழமையாகக் காணும் பச்சைக் கிளி) வைரஸ் காணப்பட்டது. அந்த அம்மா கொண்டுவந்த மஞ்சள் கிளியும் செந்தார்ப் பைங்கிளியின் நிறமாற்றமே. மாமரத்துக் கூட்டத்தோடு அது எளிதில் சேர்ந்துகொள்ளும். அவுஸ்திரேலியாவில் செம்மஞ்சள் வயிற்றுக் கிளி போன்ற அருகிய இனங்களை அச்சுறுத்துவதால், இந்நோய் 2001 இல் அந்நாட்டின் முக்கிய அச்சுறுத்தல்களில் ஒன்றாகப் பட்டியலிடப்பட்டது.

இலங்கைக்கு மட்டுமே உரிய கிளிகள் இரண்டு: லேயார்ட் கிளியும், தலைகீழாகத் தொங்கி உறங்கும் சின்னக் கிளியும். வேறெந்த நாட்டிலும் இவற்றுக்கு மாற்று இருப்பு இல்லை. தொற்று இல்லாத இடத்தில் அதை வரவிடாமல் தடுப்பது மட்டுமே நமது கையில் உள்ள வழி. காட்டுக்குள் புகுந்த பின்னர் எந்த மிருக வைத்தியராலும் எதுவும் செய்ய முடியாது.

எனவே கிளி வாங்குவோர் முதலில் பிசிஆர் பரிசோதனை செய்வியுங்கள். முடிவு வரும்வரை அதனை வேறு அறையில் வையுங்கள். எச்சமும் இறகும் கலந்த குப்பையைப் பறவைகள் கிளறும் வெளியிடத்தில் கொட்டாதீர்கள். நோயுற்ற பறவையை எக்காரணத்தாலும் வெளியே விடாதீர்கள்.

அந்த அம்மா கிளியைத் திரும்பவும் வீட்டுக்குக் கொண்டுபோய், மூடிய அறையொன்றில் தன் கையால் கொய்யாப்பழம் ஊட்டி நான்கு மாதங்கள் பார்த்துக்கொண்டார். அது இறந்த பிறகு, பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்ட கூட்டைக் கொடுக்கலாமா என்று தொலைபேசியில் விசாரித்தார். கூடாது என்றேன். கூட்டையும் அதற்குள் இருந்த மரப்பெட்டியையும் யாருக்கும் கொடுக்காமல், பெட்டியை அன்றே எரித்துவிட்டதாக மாலையில் மீண்டும் அழைத்துச் சொன்னார்.