ரெகுலேட்டரை மாற்றுவதற்கு முன்: இலகு ரக விளையாட்டு விமானங்களில் மின்னேற்றக் கோளாறுகள்

இலகு ரக விளையாட்டு விமானத்தில் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்ற புகார் வரும்போது, "ரெகுலேட்டர் போய்விட்டது" என்ற தீர்ப்பும் பெரும்பாலும் அதனுடன் சேர்ந்தே வந்துவிடுகிறது. உடனே, பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் அந்தப் பாகத்தைப் புதிதாகப் பொருத்துகிறார்கள். சில காலம் எல்லாம் சரியாக இருந்து, பிறகு அதுவும் செயலிழக்கிறது. ரெகுலேட்டர் கெடுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதைக் கெடுத்தது எது என்று கேட்காமல் பாகத்தை மாற்றுவதைப் பழுதுபார்ப்பு என்று ஏற்க முடியாது என்பதே என் வாதம்.

இவ்வகை விமானங்களில் பரவலாகப் பயன்படும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் பின்புறத்தில் நிரந்தரக் காந்தங்கள் பதித்த சக்கரம் அசையாமல் நிற்கும் சுருள் தொகுதியான ஸ்டேட்டரைச் சுற்றிச் சுழல்கிறது. ஸ்டேட்டரின் பத்துச் சுருள்களில் எட்டு மின்னேற்றத்துக்கும் இரண்டு இக்னிஷனுக்கும் உரியவை. மின்னேற்றச் சுருள்களிலிருந்து வரும் இரண்டு மஞ்சள் ஒயர்கள் மாறுமின்னோட்டத்தை ரெகுலேட்டருக்குக் கொண்டு செல்ல, அது நேர்மின்னோட்டமாக மாறி, ஏறத்தாழ 14.2 வோல்ட் அளவில் கட்டுப்படுத்தப்பட்டு பேட்டரிக்குப் போகிறது. நிமிடத்துக்கு 5500 சுற்றுகளில்கூட மொத்த வெளியீடு சுமார் 250 வாட், அதாவது ஏறக்குறைய 18 ஆம்பியர் மட்டுமே. எஞ்சின் மிகக் குறைந்த வேகத்தில் ஓடும் ஐடிலில் அதில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும் என்பதால், தரையில் லேண்டிங் லைட்டையும் காக்பிட் திரைகளையும் போட்டுவிட்டு நிற்கும்போது வோல்ட்டேஜ் இறங்குவது கோளாறே அல்ல. புகாரில் பாதி இந்த இடத்திலேயே முடிந்துவிடுவதும் உண்டு.

கார்ப்பரேட்டர் பொருத்திய 912-இல் இக்னிஷனுக்குத் தனிச் சுருள்கள் இருப்பதால், பேட்டரி முழுவதும் இறங்கினாலும் எஞ்சின் நிற்காது. ரேடியோ, டிரான்ஸ்பாண்டர், மின்சார ஃபிளாப், டிரிம் ஆகியவையே பறிபோகும். எரிபொருள் உட்செலுத்தும் 912 ஐஎஸ் வகைக்கு இந்த ஆறுதல் கிடையாது. அதன் எஞ்சின் ஓடுவதே மின்சாரத்தை நம்பித்தான். அதனால்தான் அதில் இரண்டு ஜெனரேட்டர்கள் இருக்கின்றன. அதில் வரும் மின் எச்சரிக்கை எதையும் "இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடக் கூடாது.

சோதனையை பேட்டரியிலிருந்து தொடங்க வேண்டும். சில மணி நேரம் ஓய்வில் இருந்த, முழுதாகச் சார்ஜ் ஆன ஈய அமில பேட்டரி சுமார் 12.7 வோல்ட் காட்டும்; 12.2 காட்டினால் பாதிதான் மீதமிருக்கிறது. அடுத்து எஞ்சினை ஓட்டி, பேட்டரி முனையிலேயே அளக்க வேண்டும். அளவி ஒயர்களை எஞ்சின் நிற்கும்போதே இணைத்து, காக்பிட் வரை இழுத்து, வாலையும் சக்கரங்களையும் கட்டிய பின்னரே ஸ்டார்ட் செய்ய வேண்டும். சுழலும் ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் எஞ்சின் மூடியான கௌலிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு மல்டிமீட்டர் முனையை நீட்டுவதற்கு எந்த அவசரமும் காரணமாகாது.

இனி இணைப்புகள். என் அனுபவத்தில் அதிகக் கோளாறுகள் ஒளிந்திருப்பது இங்கேதான். மஞ்சள் ஒயர்கள் ரெகுலேட்டரில் சேரும் தட்டை முனைகளைக் கழற்றிப் பாருங்கள்: வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் உறை பழுப்பேறியிருக்கும், ஒயரின் உறை விறைத்து விரலால் வளைத்தால் வெடிக்கும், முனை பிடிப்பின்றி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அத்தகைய இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தாலே போதும். 15 ஆம்பியர் ஓடும்போது 1.5 வோல்ட் அங்கேயே தொலைந்து 22 வாட்டுக்கும் மேல் வெப்பமாகிறது, அதாவது ஒரு சிறிய சால்டரிங் அயர்னை அந்த முனையில் நிரந்தரமாகச் செருகி வைத்தது போல. எஞ்சின் நிற்கும்போது ஓம்மீட்டர் வைத்துப் பார்த்தால் இது தெரியாது. ஓரிரு இழைகள் மட்டும் மிஞ்சிய ஒயரும் அதில் நல்ல ஒயராகவே தெரியும். சுமை ஏற்றிய நிலையில், ரெகுலேட்டர் வெளியீட்டுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் இடையிலும், ரெகுலேட்டர் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையிலும் வோல்ட்டேஜ் இழப்பை அளக்க வேண்டும். ரெகுலேட்டரின் உடலே எர்த் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெயின்ட் அடித்த தகட்டின் மீது போல்ட்டை முடுக்கிவிட்டால் எர்த் கிடைத்துவிடாது. உடலிலிருந்து தனி ஒயர் இழுப்பதே நல்லது.

அடுத்து, 'சி' என்று குறிக்கப்பட்ட முனை. ரெகுலேட்டர் மின்னழுத்தத்தை அறிந்துகொள்வது இதன் வழியாகத்தான். இந்த ஒயர் அறுந்தால் மின்னேற்றம் அடியோடு நிற்கும். இதைவிட ஏமாற்றும் கோளாறு ஒன்று உண்டு. தேய்ந்த மாஸ்டர் சுவிட்சைத் தாண்டியுள்ள பஸ்ஸிலிருந்து (கருவிகளுக்கு மின்சாரம் பிரியும் பொதுத் தடம்) 'சி' ஒயரை எடுத்திருந்தால், சுவிட்சில் தொலையும் வோல்ட்டேஜைப் பேட்டரியின் குறைவாக எண்ணி ரெகுலேட்டர் அந்த அளவுக்குக் கூடுதலாக ஏற்றும். அப்படி ஒரு விமானத்தில் காக்பிட் திரை 14.0 வோல்ட் காட்டிக்கொண்டிருக்க, பேட்டரி முனையில் 14.9 இருந்தது. திரையும் அதே பஸ்ஸிலிருந்து மின்சாரம் பெற்றதால், விமானி பார்த்த எண்ணில் குறையே தெரியவில்லை. பேட்டரியின் பக்கவாட்டு உப்பிய பிறகுதான் விமானம் பட்டறைக்கு வந்தது. லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும். ஆழமாக இறங்கிய லித்தியம் பேட்டரி ஜெனரேட்டர் தரக்கூடிய முழு மின்னோட்டத்தையும் உறிஞ்சி ரெகுலேட்டரைச் சூடாக்கவும் செய்யும். அதை வெளிச் சார்ஜரில் ஏற்றிய பின்னரே பறக்க வேண்டும்.

வெப்பம்தான் ரெகுலேட்டரின் பெரிய எதிரி. அதன் உடல் வெப்பநிலை 80 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது எஞ்சின் தயாரிப்பாளரின் வரம்பு. ஆனாலும் எக்சாஸ்ட் குழாய்க்கு அருகே, காற்றோட்டமே இல்லாத மூலையில் அதைப் பொருத்தியிருப்பதை அடிக்கடி காண்கிறோம். வெளியீட்டில் குறைந்தது 22,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்க வேண்டும் என்பதும் அலங்காரத்துக்கான விதி அல்ல. அது ரெகுலேட்டரைக் காக்கிறது. நிரந்தரக் காந்தத்தை அணைக்க முடியாது என்பதால், எஞ்சின் ஓடும்போது பேட்டரி இணைப்பை ஒருபோதும் துண்டிக்கக் கூடாது.

ஸ்டேட்டரைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். மஞ்சள் ஒயர்களுக்கு இடையே ஒரு ஓமுக்கும் குறைவான தடையும், எஞ்சின் உடலுடன் முற்றிலும் தொடர்பின்மையும் இருக்க வேண்டும். மல்டிமீட்டர் ஒயர்களின் சொந்தத் தடையை முதலில் கழித்துக்கொள்ளாவிட்டால், இந்தச் சிறிய எண்ணுக்குப் பொருளே இல்லை.

வேலை முடிந்தபின் கௌலிங்கை மூடி, எல்லா மின் சுமைகளையும் போட்டு எஞ்சினை ஓட்டி, பேட்டரி முனையின் வோல்ட்டேஜையும் திரை காட்டும் எண்ணையும் சேர்த்துப் பதிவேட்டில் எழுதுவது எங்கள் வழக்கம். ரெகுலேட்டர் உடலில் நிறம் மாறும் வெப்ப ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டியே விமானத்தை அனுப்புகிறோம்; முதல் பறப்பு முடிந்து வந்ததும் அது 80-ஐத் தாண்டியிருந்தால், ரெகுலேட்டரின் இடத்தை மாற்றும் வேலை பாக்கியிருக்கிறது.